பயற்றை ஒரு நாள் முழுவதும் ஊறவைக்காதீர்கள்

‘பயற்றை 24 மணி நேரம் ஊறவைத்து விதைத்தால் விளைச்சல் இரட்டிப்பாகும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி விதையைப் பாழாக்காதீர்கள். நெடுநேரம் நீரில் மூழ்கிய விதைக்குப் போதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. தோல் வெடித்து உள்ளிருக்கும் சர்க்கரை கசிகிறது, பூஞ்சைக்கு அதுவே விருந்து. வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். மறுநாள் பாத்திரத்தில் நுரை, புளித்த வாடை. தொட்டியில் போட்டதில் பாதிகூட முளைக்கவில்லை.

விதையை முன்பதப்படுத்துவதன், அதாவது விதைக்குமுன் அளவாக ஊறவைத்து உலர்த்துவதன், சூட்சுமமே முளைவேர் எட்டிப்பார்க்கும் முன் நிறுத்துவதுதான். பயற்றை இரவில் சுமார் 8 மணி நேரம் ஊறவைத்து, மேல் ஈரம் போக நிழலில் உலர்த்தி அன்றே விதைக்கலாம். உளுந்துக்கு, லீற்றருக்கு 100 மில்லிகிராம் நாக சல்பேற்று (துத்தநாக உப்பு) கரைத்த நீரில் 3 மணி நேரம் போதும்; பிறகு பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் அல்ல. றைசோபியம் (வேர் முடிச்சில் வாழ்ந்து பயிருக்கு நைதரசன் தரும் பற்றீரியா) கலப்பதானால் அதற்குப் பின்புதான்.

இதனால் முளைப்பு விரைவாகவும் சீராகவும் இருக்கும். மானாவாரி நிலத்தில் அது விளைச்சலையும் கூட்டக்கூடும். இரட்டிப்பாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. வண்டு துளைத்த பழைய விதையை எந்தக் கரைசலும் மீட்காது.