அண்ணாச்சி, அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லல

மேல நீங்க போட்டிருக்குற, "தடுப்பூசியே சட்டவிரோதம்னு 2022-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு, நர்ஸ் வந்தா கதவைச் சாத்துங்க"ங்கிறது தப்பு அண்ணாச்சி. பாதியை வெட்டி எடுத்துப் பரப்பியிருக்காங்க.

அது 2022 மே 2-ல வந்த ஜேக்கப் புலியேல்ங்கிற டாக்டர் போட்ட வழக்கோட தீர்ப்பு. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, அரசியல் சட்டம் 21-வது பிரிவுல அவங்கவங்க உடம்பு மேல உள்ள உரிமையும் அடங்கும்னு அதுல இருக்கு. அது நிசம்தான், அந்த உரிமை எனக்கும் பெருசு. ஆனா பொதுச் சுகாதாரத்துக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு போடலாம், கொரோனா தடுப்பூசிக் கொள்கை தன்னிச்சையானது இல்லன்னும் அதே தீர்ப்புலதான் இருக்கு. ஊசி போடாதவங்களைப் பொது இடத்துல விடாத உத்தரவுகளைத் திரும்பப் பாருங்கன்னு சொன்னாங்க. அதுவும் தொற்று குறைவா இருக்குற வரைக்கும். பேச்சு முழுக்க கொரோனா ஊசியைப் பத்தி. தட்டம்மை, போலியோ ஊசிகளை அந்தத் தீர்ப்பு தடுக்கவே இல்ல.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஊருக்குப் புதன்கிழமை நர்ஸம்மா ஐஸ் பெட்டியோட வருவாங்க. போன வாரம் எதிர்வீட்டு மதினி, ஒம்பது மாசப் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போட அட்டையைக் கையில எடுத்தவங்க, இதே மெசேஜைப் பாத்துட்டு அதைத் திரும்பப் பெட்டிக்குள்ள வச்சிட்டாங்க. எனக்கு வயிறு கலங்கிட்டு. வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை உண்டு, ஆனா இல்லாத தீர்ப்பை நம்பி ஏன் சொல்லணும்?

தயவுசெஞ்சு பதிவைத் திருத்துங்க அண்ணாச்சி. மதினிகிட்ட சாயங்காலம் நானே போய்ச் சொல்லுதேன்.