கியோட்டோவின் இரவைப் பற்றி
ஜப்பானின் கியோட்டோ நகரில் மாலை ஐந்து மணிக்குமேல் பார்ப்பதற்கு எதுவுமில்லை என்று உங்கள் இதழின் பயணக் கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கோயில்கள் பலவும் அந்த நேரத்தில் கதவடைத்துவிடுவது உண்மைதான்; ஆனால் 711ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கூறப்படும் புஷிமி இனாரி ஆலயம் இரவு முழுவதும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. பகலில் நகரவே இடமில்லாத அந்தச் செந்நிறத் தோரண வாயில்களுக்கிடையே, இரவு ஒன்பது மணிக்கு விளக்கொளியில் நான் மலையேறிச் சென்றபோது, என் காலடி ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அந்த அமைதிக்காகவே மீண்டும் செல்ல விரும்புகிறேன். கோடையில் காமோ ஆற்றங்கரையோரம் மரமேடை அமைத்து உணவு பரிமாறும் பொந்தோச்சோ சந்தும் இரவில்தான் உயிர்பெறுகிறது.

அதே நகரின் கியோன் பகுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கெய்ஷா என்று நாம் பொதுவாக அழைக்கும் மரபு ஆடல்பாடல் கலைஞர்களை (கியோட்டோவில் கெய்கோ என்பார்கள்) வேலைக்கு விரையும்போது வழிமறித்துப் படமெடுக்கும் வழக்கம் மிகுந்ததால், 2024இல் அங்குள்ள தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை விதிக்கப்பட்டு, மீறுவோருக்கு 10,000 யென் அபராதம் அறிவிக்கப்பட்டது. கட்டுரையின் பயணக் குறிப்புகளில் இதையும் சேர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.