முயலும் சுண்டெலியும் செம்மறியும் சொன்னது

அக்காவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. போன வருஷம் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள், ஒரே ஒரு கேப்ஸ்யூல். விழுங்கிவிட்டு வந்து மாடி அறையில் தனியாக இருந்தாள். பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வயது மகன் கதவைத் தட்டித் தட்டி அழுதான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றபோதுதான், இந்த அயோடின்-131 என்ன செய்யும் என்று இவ்வளவு தெளிவாக எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வந்தது. தேடிப் படித்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

முதலில் சொன்னவை முயல்கள். 1937இல் பாஸ்டனில் மருத்துவர் சால் ஹெர்ட்ஸும் இயற்பியலாளர் ஆர்தர் ராபர்ட்ஸும் முயல்களுக்குக் கதிரியக்க அயோடினைச் செலுத்திப் பார்த்தார்கள். அது நேராகத் தைராய்டில் போய்ச் சேர்ந்தது. 1941இல் நோயாளிகளுக்கு அதுவே மருந்தானது. அக்காவின் கேப்ஸ்யூல் அந்த முயல்களின் கொடை.

அடுத்தது சுண்டெலிகள். அதிக அளவு அயோடின்-131 கொடுத்தால் தைராய்டு எரிந்துபோகும். ஹார்மோன் வரவில்லையே என்று மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'சுர, சுர' என்று தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்படி ஓயாமல் உழைத்து உழைத்து பிட்யூட்டரியே வீங்கிக் கட்டியானதை ஆய்வாளர் ஆப்ரி கார்ப்மன் 1949இல் எழுதிவிட்டார்.

பிறகு செம்மறிகள். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் ஆலை இருந்தது. புகைபோக்கி வழியே போகும் அயோடின் புல்லில் படியும், கால்நடை மேயும் என்ற கவலை அவர்களுக்கே இருந்தது. 1950 முதல் தினமும் தீனியில் அயோடின்-131 கலந்து செம்மறிகளுக்குக் கொடுத்தார்கள். அதிக அளவு தின்றவற்றுக்குத் தைராய்டு அழிந்தது. அவை ஈன்ற குட்டிகள் சோர்ந்து, வளராமல் நின்றன.

இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1954 மார்ச் 1 அன்று, அதே நாடு பசிபிக் கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகளில் பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. பக்கத்து ரோங்கலாப் தீவில் கதிரியக்க அயோடினும் கலந்த வெள்ளைச் சாம்பல் கொட்டியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். அது கலந்த தண்ணீரையே குடித்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அங்கிருந்து அழைத்துப் போனார்கள்.

வருஷா வருஷம் மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். அப்போது கைக்குழந்தைகளாக இருந்த இரண்டு பையன்கள் வளரவே இல்லை. ஆனால் இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதாகக் காட்டியது! அந்தக் காலத்தில் தைராய்டு ஹார்மோனை நேரடியாக அளக்க மாட்டார்கள். இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அயோடினை அளந்து கணக்குப் போடுவார்கள். மார்ஷல் மக்களின் இரத்தத்தில் அயோடின் சேர்ந்த வேறு புரதமும் நிறைய இருந்தது. குறைவை அது மறைத்துவிட்டது. 1965 வாக்கில் தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பையன்கள் வளரத் தொடங்கினார்கள். பத்து வருஷத்துக்கும் மேல். வளராத குட்டிகளை ஹான்ஃபோர்டில் பார்த்தவர்கள் இருந்த நாடு அது. காகிதத்தில் இருந்த எண்ணை நம்பி, எதிரில் நின்ற குழந்தையைப் பார்க்காமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மிருகங்களை இப்படி வதைப்பது சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வதைத்துத் தெரிந்துகொண்டதைத் தேவைப்படும்போது கையில் எடுக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய பாவம் என்பேன். கையில் எடுத்தவர்களும் உண்டு. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த சில நாட்களுக்குள் போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடினைக் கொடுத்தது. தைராய்டு அதனால் நிரம்பிவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமில்லை. பக்கத்தில் பெலாரஸ், உக்ரைன் கிராமங்களில் கதிரியக்க அயோடின் படிந்த புல்லை மேய்ந்த மாடுகளின் பாலைக் குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அக்கா இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை போடுகிறாள். அடுத்த வாரம் டிஎஸ்எச் பரிசோதனை. ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாதே, கை கால் அசதி, குளிர் தாங்காதது, முடி கொட்டுவது எல்லாவற்றையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.