ஆர்ம்ஸ்ட்ராங் நேராகப் படையிலிருந்து நிலாவுக்குப் போனவர் அல்ல

நண்பரே, மேலே நீங்கள் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. "நீல் ஆர்ம்ஸ்ட்ராங் கடற்படை அதிகாரியாகவே நிலாவுக்குப் போனார், பொறியாளர் பட்டமெல்லாம் அப்புறம் கௌரவத்துக்காகக் கொடுத்தது" என்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

அவர் கொரியப் போரில் 78 முறை பறந்தார் என்பது உண்மை. 1951 செப்டம்பரில் தாழப் பறக்கும்போது, பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டியிருந்த கம்பியில் விமானம் மோதி, இறக்கையில் சுமார் 6 அடி பிய்ந்துபோனது. அந்த நிலையிலும் விமானத்தைத் தம் தரப்புப் பகுதிவரை ஓட்டிவந்து, அதன்பிறகே வெளியே குதித்தார். அப்போது வயது 21.

ஆனால் 1952-இல் அவர் போர்ப்பணியை விட்டுவிட்டார். போருக்காகப் பாதியில் நிறுத்திய படிப்பைத் தொடர பர்டூ பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, 1955-இல் வானூர்திப் பொறியியல் பட்டம் வாங்கினார். போரைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி மாணவனாகக் கணக்குப் போட உட்காருவது சின்ன விஷயமா? எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

பிறகு ஆராய்ச்சி விமானி. எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை மட்டும் 7 முறை ஓட்டினார். 1960-இல் கடற்படை ரிசர்விலிருந்தும் (தேவைப்பட்டால் அழைக்கப்படும் துணைப்படை) விலகிவிட்டார். 1962-இல் விண்வெளி வீரராகத் தேர்வானபோது அவர் ராணுவத்தில் இல்லை, சிவிலியன். 1969-இல் நிலாவில் கால் வைத்தபோதும் அப்படித்தான். 1971 முதல் 1979 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்தார். பதிவைத் திருத்திவிடுங்கள், தயவுசெய்து.