வானத்தின் நீலம் கடல் தந்ததல்ல

‘கடலின் நீலம்தான் வானத்தில் பிரதிபலிக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. கடலே இல்லாத ராஜஸ்தான் பாலைவனத்திலும் வானம் நீலம்தானே!

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. அலைநீளம் குறையக் குறைய, காற்று மூலக்கூறுகள் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய 6 மடங்கு சிதறுகிறது. அதனால்தான் எந்தப் பக்கம் நிமிர்ந்தாலும் நீலம். 1871-லேயே ஆங்கில இயற்பியலாளர் ராலே இதை விளக்கிவிட்டார்.

சரி, கடலின் நீலமாவது வானத்துடையதா? பெரும்பாலும் இல்லை. 1921 கப்பல் பயணத்தில் சி.வி. ராமன், பிரதிபலித்த ஒளியை வடிகட்டும் படிகமான நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்புப் பிரதிபலிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு, நீலத்தைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது.