வலிக்கு எண் கேட்டால் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பார்கள்

ரியாத்தில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் 9 ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட வலி என்பது மருத்துவக் கணக்கு; எங்களிடம் வந்தவர்களோ முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் வருடக்கணக்கில் அல்லாடியவர்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டால் பலரும் ‘அல்ஹம்துலில்லாஹ்’, அதாவது எல்லாப் புகழும் இறைவனுக்கே, என்பார்கள். நன்றாக இருப்பவரும் அதையே சொல்வார், இரவெல்லாம் தூங்காதவரும் அதையே சொல்வார். வலி குறைவு போலும் என்று குறித்துவிட்டு நகர்ந்த என் ஆரம்ப நாட்களை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இதை விதியே என்று கிடப்பதாகச் சில சகாக்கள் பேசியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. முள் குத்தினால்கூடப் பாவம் கழியும் என்று சொல்லும் அதே நபிமொழி மரபுதான், மருந்தில்லாத நோயை இறைவன் படைக்கவில்லை, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்கிறது. ஆகவே, அய்யூப் நபியின் பொறுமையைப் பேசியபடியே கருஞ்சீரக எண்ணெயையும் தேய்த்துக்கொண்டு, குவளை வைத்து ரத்தம் உறிஞ்சும் ஹிஜாமாவும் செய்துகொண்டு, எங்களிடமும் வந்தார்கள். ஆனால் பொறுமைசாலி என்று புகழும் அந்த ‘சப்ர்’ என்ற பாராட்டு பெண்களின் வாயை அடைக்கவும் பயன்படுகிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

குறை பெரும்பாலும் எங்கள் கேள்வியில்தான் இருந்தது. அரபு எண்களில் பூஜ்யம் ஒரு புள்ளி. வட்டமாக எழுதினால் அது ஐந்து. எங்கள் படிவத்தில் இடப்பக்கம் அச்சிட்டிருந்த பூஜ்யத்தை ஐந்தென்று படித்த பாட்டிகள் உண்டு. பதினோராம் நூற்றாண்டிலேயே மருத்துவ மேதை இப்னு சீனா குத்தும் வலி, துளைக்கும் வலி, கனக்கும் வலி, மரத்துப்போகும் வலி என்று 15 வகைகளை அரபியில் எழுதிவைத்த மொழிக்காரர்களிடம் நாங்கள் ஒற்றை எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு கேள்வியை மாற்றினேன். மூட்டு தேய்ந்த ஒரு மூதாட்டியிடம், “காலா (சித்தி), இப்போது எப்படித் தொழுகிறீர்கள்?” என்று கேட்டேன். போன ரமலான் வரை அதிகாலை சுபுஹுத் தொழுகையை நின்று தொழுததையும், இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதையும், நெற்றி தரையில் படாத ஏக்கத்தையும், எந்த அசைவில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்பதையும் கால் மணி நேரம் சொன்னார். அதை வைத்தே பயிற்சியை வகுத்தேன். ஆறு வாரம் கழித்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, நாற்காலியை ஒரு கையால் பிடித்தபடி நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் ஸஜ்தா ஒன்றைச் செய்துவிட்டதாக வந்து சொன்னார். படிவத்தை நிரப்ப வேண்டுமே என்று அன்றும் எண்ணைக் கேட்டேன். “அல்ஹம்துலில்லாஹ், மகளே” என்றார்.