யோகியின் நெய்யும் நம் வீட்டு நெய்யும்

காலையில் மொட்டைமாடியில் முக்கால் மணி நேரம் ஆசனமும் பிராணாயாமமும் செய்துவிட்டு இறங்கி வருகிறவர்களுக்கு இப்போது நெய்யைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளுக்குக் கணக்கே இல்லை. வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி, காப்பியில் ஒரு கரண்டி, இரவுப் பாலில் இன்னொன்று. ஏன் என்று கேட்டால், யோகிகள் அப்படித்தான் உண்டார்கள் என்கிறார்கள். யோகிகள் நெய் உண்டது உண்மைதான். ஆனால் எந்த நிலையில் இருந்த யோகி, வேறு எவற்றையெல்லாம் விலக்கிவிட்டு, எவ்வளவு உண்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. நானும் ஒரு பயிற்சியாளரின் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் வெறும் வயிற்றில் நெய் குடித்தவன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய யோகநூலான ஹடயோக பிரதீபிகையின் இரண்டாம் அத்தியாயத்தில், பயிற்சியின் தொடக்கக் காலத்தில் பாலும் நெய்யும் சேர்ந்த உணவே சிறந்தது என்று ஒரு சுலோகம் இருக்கிறது. பலரும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். அதே சுலோகத்தின் பின்பாதி, பயிற்சி உறுதிப்பட்ட பிறகு இந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை என்று சொல்வதை எடுத்துக்காட்டுகிறவர் அரிது. அதற்குச் சற்று முன்னால் இருப்பது இன்னும் முக்கியமானது. காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என நான்கு வேளையும் கும்பகம், அதாவது மூச்சை அடக்கி நிறுத்துதல், பழக வேண்டும். சிறிது சிறிதாகக் கூட்டி வேளைக்கு 80 வரை கொண்டு செல்ல வேண்டும். முதலில் உடல் வியர்க்கும். அந்த வியர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொள்ள வேண்டும். இவற்றைச் சொன்ன கையோடுதான் நூல் பாலையும் நெய்யையும் சொல்கிறது. நாளொன்றுக்கு 320 முறை மூச்சை அடக்கி, வியர்த்து, உள்ளே சூடேறிக் கிடக்கும் ஒருவனுக்கான உணவு அது. மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியைப் பத்துச் சுற்று முடித்துவிட்டு மகிழுந்தில் ஏறி அலுவலகம் போகிறவருக்காக எழுதப்பட்டதன்று.

அதே நூலின் முதல் அத்தியாயத்தில் விலக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று வருகிறது. புளிப்பு, உவர்ப்பு, காரம், கள், மீன், இறைச்சி, பூண்டு, பெருங்காயம் ஆகியவற்றோடு எண்ணெய், எள், கடுகு, தயிர், மோர், கொள்ளு ஆகியவையும் அதில் உண்டு. தேரையர் சொன்னதாக வழங்கும் 'மோர்பெருக்கி நெய்யுருக்கி' என்ற வரியைக் கேட்டு வளர்ந்த நமக்கு மோரும் அந்தப் பட்டியலில் இருப்பது வியப்பாக இருக்கலாம். ஹடயோகியின் பத்தியம் வேறு, சித்த மருத்துவம் இல்லறத்தானுக்குச் சொல்லும் பத்தியம் வேறு. நான் கவனிக்கச் சொல்வது எண்ணெயை. எண்ணெயும் எள்ளும் கடுகும் இறைச்சியும் விலக்கப்பட்டபின் அந்த யோகியின் தட்டில் கொழுப்பு என்று மிஞ்சுவது பால், வெண்ணெய், நெய் மட்டுமே. அவனுக்கு நெய் எண்ணெய்க்கு மாற்று. நமக்கோ அது எண்ணெய்க்கு மேல் ஊற்றும் கூடுதல். கடலை எண்ணெயில் தாளித்த பொரியல், பொரித்த அப்பளம், மாலையில் இரண்டு வடை, இவற்றோடு யோகியின் நெய்யும் என்றால் அந்தக் கணக்கு எந்த நூலிலும் இல்லை.

அளவைப் பற்றியும் அந்நூல்கள் மறைத்துப் பேசவில்லை. வயிற்றில் கால் பங்கை வெறுமையாக விட்டு, நெய்ப்பும் இனிப்பும் உள்ள உணவைச் சிவனுக்கு உவப்பாக உண்பதே மிதாகாரம், அதாவது அளவான உணவு, என்கிறது பிரதீபிகை. இன்னொரு ஹடயோக நூலான கேரண்ட சம்ஹிதையோ பாதி வயிறு உணவுக்கு, கால் வயிறு நீருக்கு, மிச்சமுள்ள கால் காற்றின் போக்குவரத்துக்கு என்று பங்கு பிரித்து, தொடக்கக்காரன் நாள்தோறும் பாலும் நெய்யும் சேர்த்து நண்பகலிலும் மாலையிலுமாக இரண்டே வேளை உண்ண வேண்டும் என்கிறது. நம் திருமூலரும் 'உண்டி சுருங்கில் உபாயம் பலவுள' என்றார். உணவு இப்படிச் சுருங்கிய இடத்தில்தான் நெய்யின் தேவை புரிகிறது. குறைவாக உண்பவன் வறண்டு போகாமலிருக்க, சிறிய கவளத்தில் நிறைய ஆற்றலைத் தருவது நெய். கவளத்தைச் சுருக்காமல் நெய்யை மட்டும் பெருக்கினால் அதற்கு யோகம் என்று பெயர் வைக்க முடியாது. நல்ல சாப்பாடு என்று வேண்டுமானால் சொல்லலாம். நல்ல சாப்பாட்டில் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. 'நெய்யில்லா உண்டி பாழ்' என்ற ஔவையின் பக்கம்தான் நானும். ஆண்டாளின் பாவை நோன்பிலும் 'நெய்யுண்ணோம் பாலுண்ணோம்' என்று தொடங்கியவர்கள், நோன்பு நிறைவேறும்போதுதானே முழங்கை வழிய நெய்ச்சோறு உண்கிறார்கள்.

உடல்நூல் கணக்குக்கு வருவோம். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. 100 கிராம் நெய்யில் ஏறத்தாழ 60 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம், நிறைவுற்ற கொழுப்பிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லும் இரண்டு பெரிய கரண்டி நெய் 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், விடிவதற்குள் 18 கிராம் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் குடிக்கும் பாலும் தோசைக்கு விடும் எண்ணெயும் எந்தக் கணக்கில் சேரும்?

நெய்யில் உள்ள பியூட்டிரிக் அமிலம் பெருங்குடலைக் காக்கும் என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. பெருங்குடல் உயிரணுக்களுக்கு அந்த அமிலம் எரிபொருள் என்பது சரி. ஆனால் நெய் வழியாக வருவது பெருங்குடலை எட்டும் முன்பே பெரும்பாலும் உட்கிரகிக்கப்பட்டுவிடும். பெருங்குடலுக்கு வேண்டியதை அங்கேயே வாழும் நுண்ணுயிரிகள் நாம் உண்ணும் நார்ச்சத்திலிருந்து உண்டாக்கிக்கொள்கின்றன. ஆகவே அந்தப் புகழில் பெரும்பங்கு சேர வேண்டியது பயறுக்கும் கீரைக்கும்தான். நெய்யின் உண்மையான சிறப்புகள் வேறு. நீரும் பால்திடப் பொருள்களும் நீங்கிவிடுவதால் எளிதில் கெடாது, பாலில் உள்ள சர்க்கரை செரிக்காத பலருக்கும் ஒத்துக்கொள்ளும், அதிகச் சூட்டையும் தாங்கும், வைட்டமின் ஏ தரும்.

யோக மரபில் நெய்யின் இடத்தை நான் நேரில் உணர்ந்தது சங்கப் பிரட்சாலனம் என்ற குடல் கழுவும் பயிற்சியைச் செய்த ஒரு நாளில். இளஞ்சூடான உப்புநீரைக் குடித்து, ஐந்து ஆசனங்களைத் திரும்பத் திரும்பச் செய்து, குடல் கழுவிய நீர் தெளிவாக வெளியேறும்வரை தொடர்ந்து, பிறகு முக்கால் மணி நேரம் படுத்து ஓய்ந்திருந்தோம். அதன்பின் குழைய வெந்த அரிசியும் பாசிப்பருப்பும் நெய் மிதக்க வந்தன. கழுவப்பட்ட குடலுக்கு நெய் ஒரு பூச்சாக அமையும் என்று கற்பித்தவர் காரணம் சொன்னார். அன்று அத்தனை நெய்யும் கனக்கவே இல்லை. அடுத்த சில நாள்களுக்குப் பாலும் பழமும் காரமும் கூடாது என்று சொன்னபோது, நெய் மருந்தாக வந்தால் கூடவே பத்தியமும் வரும் என்று விளங்கியது.

வெறும் வயிற்று நெய் ஆறு மாதத்தில் என் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பை ஏற்றிவிட்டிருந்தது. மருத்துவர் திட்டவில்லை, 'காலை நெய்யை நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கலாம்' என்று மட்டும் சொன்னார். நிறுத்தினேன். இப்போது வெண்ணெய் வாங்கி வீட்டிலேயே உருக்குகிறோம். சடசடப்பு அடங்கி மணம் எழும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்குவது என் மனைவியின் கைப்பக்குவம். நண்பகலில் சூடான சோற்றில் பருப்பைப் பிசைந்து ஒரு சிறு கரண்டி நெய் விடுகிறேன். அன்றைய பொரியலில் எண்ணெய் தாளிப்போடு நின்றுவிடும். அடியில் தங்கும் கசண்டில் சோற்றைப் போட்டுப் பிரட்டி உண்ணும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அதற்குப் பிரதீபிகையில் இடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.